மெயின் சுவிட்ச்

தாராவியில் எங்கள் தோல் பைப் பட்டறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை மகள் சர்வராக மாற்றினாள். ஆர்டர் வாங்க ஒரு வலைத்தளம் செய்து, அதை இயக்கும் மாட்யூலையும் ஏற்றினாள். செம்பூர்க் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு லிங்க்கையும் அனுப்பினாள்.

என் போனில் திறந்தேன். பைகளின் படங்களைக் காணோம். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். நாலாம் வகுப்போடு நின்றவன், எனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து, கூச்சத்தோடு அவளிடம் நீட்டினேன்.

அவள் அலறிவிட்டாள். "எப்பா, புரோகிராம் ஓடாம அப்படியே வெளிய தெரியுது! பாஸ்வேர்டும் இருக்கு. கஸ்டமர் நம்பர், அட்ரஸ் எல்லாத்தையும் எவன் வேணும்னாலும் எடுத்துருவான்!"

பட்டறையில் யார் அலறினாலும் மெயின் சுவிட்சை இறக்குவது எங்கள் பழக்கம். ஓடிப்போய் இறக்கினேன். தையல் மெஷின்களோடு சர்வரும் நின்றது.

"யாருக்கு அண்ணாச்சி அடி?" என்று இருட்டில் தையல்காரர் கத்தினார்.

"பாஸ்வேர்டுக்கு" என்றாள் மகள்.

நெட் வயரைக் கழற்றிய பிறகே கரண்டு போடச் சொன்னாள். மாட்யூலை ஏற்றியபின் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய மறந்திருந்தாளாம்; நான் சுவிட்சை இறக்கியதில் அதுவும் நடந்துவிட்டது. இப்போது அந்தக் கம்ப்யூட்டர் திரையில் பைகள் தெரிந்தன. பாஸ்வேர்டை மாற்றினாள். யார் யார் திறந்தார்கள் என்று சர்வரில் தேடிப் பார்த்தாள்.

"உங்க போன் மட்டுந்தாம்ப்பா."