முதல் பன்

போன வாரம் என் மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்க, நான் முதன்முதலில் வேலை பார்த்த தஞ்சாவூர் ஸ்டேடியத்துக்குப் போனேன். வாசலில் கண்ணாடிக் கடை ஒன்று முளைத்திருக்கிறது. சீஸ் சாண்ட்விச், பனீர் சாண்ட்விச் என்று பலகை. வெண்ணெயில் ரொட்டி வாட்டும் வாசனை வந்ததும் நின்றுவிட்டேன். பசியால் இல்லை.

அங்கே நான் தற்காலிக எழுத்தராக இருந்தேன். பாபநாசத்துக்காரன். எனக்கு மீன் என்றால் வாய்க்காலில் கிடைக்கும் கெண்டையும் விராலும்தான். காலையில் சாப்பிடாமல் பஸ் பிடித்து ஓடி வந்த ஒருநாள், வாசலில் அடுப்பு வைத்திருந்த செண்பகம் அக்காவிடம் நின்றேன். பன்னைப் பாதியாகக் கீறிக் கல்லில் வாட்டி, உள்ளே மஞ்சளாக எதையோ அடைத்துக் கொடுத்தார். பூண்டும் மிளகும் தூக்கலாக இருந்தன. முட்டைப் பொரியல் என்று நினைத்து இரண்டு தின்றபிறகுதான் அது சுறாப்புட்டு என்றார். நான் முழித்ததைப் பார்த்து ஓட்டப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்கப்புறம் நான் வேறெங்கும் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை.

அக்கா கடற்கரைக்காரர். மகள் வசந்தி நன்றாக ஓடுவாள் என்று தஞ்சாவூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். கணவர் வேலு படகோடு போய் நான்கு வருடம். உடல் கிடைக்கவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. எதுவும் ஒதுங்காதவரை ஆள் கடலில்தான் இருக்கிறார் என்று அக்கா இருந்தார். நெற்றியில் பெரிய குங்குமம். யாராவது கேட்டால், "கடலுக்குப் போயிருக்காரு" என்பார்.

தினமும் போடுகிற முதல் பன்னை விற்க மாட்டார். வாழையிலையில் மடித்துக் கூடைக்கு அடியில் வைத்துவிடுவார். படகுக்குக் கட்டிக் கொடுத்த பழக்கம். எல்லாம் தீர்ந்துபோன ஒருநாள் வெட்கமில்லாமல் அதைக் கேட்டேன்.

"அது அவருக்கு, தம்பி" என்றார்.

வசந்திக்கு விளையாட்டு விடுதியில் இடம் கேட்டு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பார்கள் என்று ஆபீசில் பேச்சு. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லா விண்ணப்பமும் என்னிடம்தான் வரும். அந்தத் தலைக்கனமும் எனக்கு உண்டு. தந்தை பெயர் என்ற இடத்தில், ஆபீஸ் வழக்கப்படி 'லேட்' என்று போட்டுப் பக்கத்தில் வேலு என்று எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

அக்காவுக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். கையெழுத்துப் போட வந்தபோது வசந்தி படித்துக் காட்டினாள். அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

"அப்பா செத்துட்டாருன்னு போட்டிருக்கும்மா."

மாற்றி எழுதட்டுமா என்று உளறினேன். மாற்றினால் இடம் கிடைக்குமா என்று அக்கா கேட்டார். கஷ்டம்தான் என்றேன். அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார்.

மறுநாள் காலை அதே இடத்தில் அடுப்பு எரிந்தது. அக்காவின் நெற்றி வெறுமையாக இருந்தது. முதல் பன்னை வாட்டி, இலையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"இனிமே எடுத்து வைக்க வேணாம் தம்பி. நீங்க சாப்பிடுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாமல் அங்கேயே நின்று தின்றேன். என்றைக்கும்போல ருசியாகத்தான் இருந்தது. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

வசந்திக்கு இடம் கிடைத்தது. அவளை விடுதியில் விட்ட கையோடு அக்கா ஊருக்குப் போய்விட்டார். அடுப்பு இருந்த இடத்தில் இப்போது பைக் நிறுத்துகிறார்கள். புகை படிந்திருந்த சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். நீச்சல் வகுப்புக்கான படிவத்தில் கையால் எழுத வேண்டியதே இல்லை, எல்லாம் செல்போனில்தான். வேலுவுக்காக ஒரு பன்னை எடுத்துவைக்க அந்த வாசலில் ஓர் ஆள் இருந்தார். அதை நிறுத்தியது என் அழகான கையெழுத்து.