அங்கம்மா விரித்த சோகை

செவ்வாய்க்கிழமை காலை நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சிட்னியிலிருந்து ரமேஷ் கூப்பிட்டான். என் கொழுந்தனாருக்கும் அங்கம்மாவுக்கும் மகன். தமிழ் அவனுக்குப் புரியும், பேச வராது. அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள் பெரியம்மா என்று இந்தத் தீவில் நாம் பேசும் இந்தியில் சொல்லி அழுதான். நம் ஊர் ட்ராசா கோயிலில் பதினாறாம் நாள் பூஜை வைக்கப் போகிறானாம். இங்கே தமிழ் எழுதத் தெரிந்தவள் நான்தான் மிச்சம், அதனால் பூஜையில் படிக்க நாலு வார்த்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தோம் என்று எழுதுங்கள் என்றான்.

அதை மட்டும் என்னால் எழுத முடியாது. அங்கம்மாவை அறிந்தவர்கள்தான் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நாற்பது வருஷம் அவளைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான்.

சவேனி கிராமத்திலிருந்து அவள் இந்த வீட்டு இளைய மருமகளாக வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். ஒரே நிலம், நடுவில் ஒரு வாய்க்கால். இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் அவர்கள் வீடு. கரும்பு வெட்டி முடிந்ததும் நிலத்தில் கிடக்கும் காய்ந்த இலைகளை, அந்தச் சோகையை, நாம் எல்லாரும் கொளுத்திவிடுவோம். அவள் மட்டும் அதைக் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வந்து, கத்தரிச் செடிகளுக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினாள். செடிக்குப் பாய் போட்டாயிற்று, தலகாணி எப்போது என்று கேட்டேன். மாமியார்கூடச் சிரித்தார். அவள் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: “மண்ணு வெறும் உடம்போட வெயில்ல நிக்கக் கூடாதுக்கா. அதுக்கும் ஒரு துணி வேணும்.”

அந்த வருஷம் மழை இல்லை. கிணறு வற்றி, லாரியில் தண்ணீர் வந்தது. என் செடிகள் காலை பத்து மணிக்கே தலையைத் தொங்கப்போட்டன. அவள் இரண்டு நாளைக்கு ஒரு வாளிதான் ஊற்றினாள். காய்கள் எண்ணெய் தடவியது போல் மின்னின. தீமிதிக்கு விரதம் இருப்பவர்களின் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக் காய் என் தோட்டத்திலிருந்துதான் போகும், மூத்த மருமகள் நான். அந்த வருஷம் மாமியார் கூடையை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி அவள் தோட்டத்துக்குப் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அவர் கட்டியிருந்தது மஞ்சள் சேலை.

அடுத்த வருஷம் நானும் செடியடி மண்ணை மூடி மூடாக்குப் போட்டேன். சோகையைப் போட்டால் அவளைப் பார்த்துச் செய்ததாக ஆகிவிடுமே என்று, ரோட்டோரத்துப் புல்லை அறுத்துப் போட்டேன். கதிர் வைத்த புல். முதல் மழைக்கே அத்தனை விதையும் முளைத்து, செடி எங்கே என்று தேட வேண்டியதாயிற்று. அவள் வந்து பார்த்தாள். சிரித்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். அவள் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து மூன்று நாள் என்னோடு களை பிடுங்கினாள். “விதை கட்டாத புல்லாப் பாத்துப் போடணும்க்கா. எனக்கும் ஒரு தடவை இப்படித்தான் ஆச்சு” என்றாள். அவளுக்கு அப்படி ஆனதே இல்லை. எனக்காகச் சொன்ன பொய். அதை நான் மன்னிக்கவே இல்லை.

பிறகு பட்டாளம் ஆட்சியைப் பிடித்து, நம் ஆட்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பத் தொடங்கிய வருஷம் வந்தது. பெட்டியும் அழுகையுமாக நமாகாப் பக்கத்து விமான நிலையத்துக்கு யாரையாவது ஏற்றிவிடப் போகாத குடும்பம் நம்மில் இல்லை. வெளிநாடு போக ரமேஷுக்கு முதலில் காகிதம் வந்தது. என் மகன்களுக்கு வரவில்லை. அங்கம்மா கேசரி கிண்டி வீடுவீடாகக் கொடுத்தாள். எனக்கு இரண்டு கரண்டி அதிகம்.

அந்த வாரம்தான் எங்கள் கரும்பைக் கொளுத்தினோம். எரிந்த கரும்பு கெட்டுப்போகும் என்று நம் முறை வருவதற்கு முன்னாலேயே வெட்டி ஆலைக்கு ஏற்றிவிடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா. நாடு இருந்த இருப்பில் பலரும் அப்படிச் செய்தார்கள். காற்று வாய்க்கால் பக்கம் அடிக்கிறது, அடங்கட்டும் என்றார் என் வீட்டுக்காரர். அவர் மாடுகளை அவிழ்த்துவிடப் போன நேரத்தில் நான் தீக்குச்சியைக் கிழித்தேன். பொறி வாய்க்காலைத் தாண்டியது. சோகை மூடிய அவள் தோட்டம் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. தெரியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் எல்லாரும் வாளியோடு ஓடி வந்தீர்கள். நானும் வாளியோடு ஓடினேன். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை அவள் கையால் சாம்பலை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். “அடியில ஈரம் அப்படியே இருக்கு. தொட்டுப் பாருக்கா” என்றாள். தொட்டேன். குளிர்ந்திருந்தது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “காத்து அடங்குற வரைக்கும் பொறுத்திருக்கலாம்” என்றாள்.

அவ்வளவுதான். தெரிந்தும் மாமியாரிடம் சொல்லவில்லை. தன் புருஷனிடமும் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் முழங்கால் வீங்கி, மகன் வீட்டுக்குக் கிளம்பிய அன்றும் சொல்லவில்லை. போன மாசம் ஃபோனில், அங்கே தோட்டத்தில் போட மரப்பட்டையைக் கடையில் வாங்குகிறார்கள் என்று சிரித்தாள். “நாம சும்மா கொளுத்துறதை இங்க பையில கட்டி விக்கிறாங்கக்கா.” கொளுத்துவது என்ற சொல் வந்ததும், இப்போதாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். முழங்கால் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டேன்.

ரமேஷ், நீ சொன்னபடி என்னால் எழுத முடியவில்லை. அம்மாவின் பொருள் ஏதாவது வேண்டுமா என்றும் கேட்டாய். ஒன்றும் வேண்டாம். அவளிடமிருந்து என்னோடு இருப்பது பொறாமைதான், அது கொஞ்சமும் குறையவில்லை. யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒன்றும் இல்லாமல் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதிலும் என்னை முந்திக்கொண்டாள்.