தட்டு வைத்து வரைந்த வட்டம்

அந்தத் தண்ணீரின் நிறம் இன்னும் கண்ணில் நிற்கிறது. குழாயில் இருந்து விழும்போது சாதாரணமாகத்தான் தெரியும். வாளி நிறைந்ததும் எலுமிச்சம்பழ மஞ்சள்... வாயில் வைத்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருக்கும்.

திருவேற்காட்டில் அப்போது எங்கள் தெருவில் எல்லா வீட்டு போர்வெல்லும் இப்படித்தான். என் மகள் யாழினிக்கு இரண்டு வயது. குளிப்பாட்டித் துவட்டுவதற்குள் முதுகெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்துவிடும். சொறிந்து சொறிந்து அழுவாள்.

காரணம் என்னவென்று தெருவில் மற்ற எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் தெருக்கோடியில் இருந்த முலாம் பூசுகிற கம்பெனியில்தான் எனக்கு வேலை. கேட் ரெஜிஸ்டர் எழுத வேண்டும். கழுவிவிடுகிற தண்ணீர் பின்பக்கச் சுவர் ஓரமாக எங்கே போகிறது என்று தினமும் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பார்த்துவிட்டுக் குனிந்து எழுதுவேன். வீட்டுக்காரர் வேலை போய், புது வேலை தேடி அலைந்த நேரம்... என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

பக்கத்து வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த குமுதா அக்காதான் கலெக்டருக்கு மனு கொடுக்கலாம் என்று கிளம்பினார்.

"கொயந்தைங்க தோலு உரிஞ்சினு கீது, நாம இன்னா வேடிக்கை பாத்துனு கீறோம்?"

எல்லாரும் வந்தார்கள். ஆனால் முதல் கையெழுத்துப் போட ஒருத்தரும் தயாரில்லை. முன்பு வேறொரு மனுவில் முதலில் இருந்த பெயரைப் பார்த்து, யார் யாரோ அந்த ஆளின் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போயிருந்தார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் மணி அண்ணன் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தார்.

"மொதோ பேரு எவன்துன்னுதான் பாப்பானுங்கோ. நான் குமணன்சாவடில தனியா வண்டி போட்டுகினு நிக்கிறவன்க்கா. என்னை உட்ரு."

குமுதா அக்கா உள்ளே போய் ஒரு சில்வர் தட்டை எடுத்து வந்தார். காகிதத்தில் கவிழ்த்து வைத்து, சுற்றி பேனாவால் ஒரு வட்டம் போட்டார்.

"வட்டத்த சுத்தி போடுங்க. அப்பால எது மொதோ பேருன்னு அவனே தேடிக்கட்டும்."

எல்லாரும் சிரித்துவிட்டோம். நானும் நடுவில் ஓர் இடத்தில் புரியாத மாதிரி கிறுக்கினேன். பயம் பாதி குறைந்த மாதிரி இருந்தது.

மனுவை எழுதியதும் நான்தான். தெருவிலேயே என் எழுத்துதான் முத்து முத்தாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். அந்தப் பெருமையில் வால் எல்லாம் சுழித்து, அழகாக எழுதினேன். தினமும் கேட் ரெஜிஸ்டரில் எழுதுகிற அதே எழுத்து... அத்தனை பேர் கூடி நின்றும் அது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை.

சில வாரம் கழித்து கம்பெனிக்கு ஒரு தபால் வந்தது. வாங்கி, ரெஜிஸ்டரில் பதிந்து, உள்ளே அனுப்பியதும் நானே. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வெளியே வந்தார். கையில் எங்கள் மனுவின் ஜெராக்ஸ். விளக்கம் கேட்டுக் கம்பெனிக்கே அனுப்பியிருக்கிறார்கள். அதை என் ரெஜிஸ்டர் பக்கத்தில் வைத்தார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார்.

"ஃபைல் பண்ணிடும்மா" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பாத்துப் போம்மா. குழந்தைய பக்கத்து வீட்லதானே விட்டுட்டு வர்றே?"

எனக்குக் குழந்தை இருப்பதே அவருக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அப்புறம் தினமும் சாயங்காலம் அதே சிரிப்பு, அதே "பாத்துப் போம்மா". பின்னால் ஒரு பைக் ஸ்டார்ட் ஆனால் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். யாழினியை வாசலில்கூட விளையாட விடவில்லை. எதற்கு இந்த வேண்டாத வேலை என்று குமுதா அக்கா மேலேயே ஆத்திரம் வந்தது. ஒரு வாரம் தாங்கினேன். பிறகு அவரிடமே போய் அழுதேன்.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உன் எழுத்துதானே மாட்டிகிச்சு? இந்த தபா தெருவே எழுதட்டும்."

இரண்டாவது மனுவை அப்படித்தான் எழுதினோம். வீட்டுக்கு ஒரு வரி. கோழி கிண்டின மாதிரி சிலது, எறும்பு ஊர்கிற மாதிரி சிலது. மணி அண்ணன் வேர்த்து விறுவிறுத்து 'மஞ்சா தண்ணி' என்று இரண்டே வார்த்தை எழுதினார். என் கையில் மட்டும் பேனாவைக் கொடுக்கவே இல்லை.

அதன் ஜெராக்ஸும் கம்பெனிக்கு வந்தது. மேனேஜர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு நான் கிளம்பும்போது அவர் தலையே நிமிரவில்லை.

அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். அந்த மாதமே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரொம்ப நாள் கழித்து கம்பெனியே காலி பண்ணிக்கொண்டு போனது.

இப்போது அந்த இடத்தில் அபார்ட்மென்ட். தண்ணீரில் மஞ்சள் தெரிவதில்லை, ஆனாலும் எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர்தான். யாழினி காலேஜ் படிக்கிறாள். தெருவுக்குப் பின்னால் குப்பையை எரிக்கிறார்கள் என்று முகத்தைக் காட்டி வீடியோ போட்டிருக்கிறாள். ஆன்லைனில் ஒரு மனு வேறு. அதில் முதல் பெயர் அவளுடையது.

"பேரை எடுத்துரும்மா" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"ஏம்மா, யாராச்சும் மொதல்ல இருக்கணும்ல?" என்றாள்.

இதற்குப் பதில் சொல்ல அந்தத் தட்டு இருந்தது ஒரு காலத்தில். குமுதா அக்கா வீட்டில் இப்போதும் இருக்கிறது, அதில் சாப்பிடுகிறார்கள். போனில் எப்படி வட்டம் போடுவது என்றுதான் தெரியவில்லை.

இன்று காலை அவள் செருப்பு மாட்டும்போது அந்த வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. எல்லா அம்மாவும் சொல்கிற வார்த்தைதான், பாத்துப் போம்மா... எனக்கு மட்டும் இத்தனை வருஷமாக வாயில் வந்ததில்லை. "இரு, பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வரேன்" என்று கூடவே நடந்தேன்.

தெருமுனையில் ஒரு பைக் ஸ்டார்ட் ஆனது. அவள் காதில் ஹெட்செட்டோடு நடந்துகொண்டே இருந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன்.