காபி நிறத்தில் அப்பா

வெயிலில் படம் அச்சடிக்கும் பைத்தியம் எங்கள் அத்தைக்குப் பிடித்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அப்பாவின் தங்கை அவள். வேலை வேளச்சேரியில், வாசம் மந்தைவெளியில் எங்களோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆழ்வார்பேட்டையில் ஒரு வகுப்புக்குப் போய், அந்தக் காலத்து முறையில் நீல நிறப் படம் போடக் கற்றுக்கொண்டிருந்தாள். போனில் ஒரு விரலால் ஆகிற காரியத்துக்கு இவ்வளவு பாடா என்று அப்பா கேட்டார்.

பாடுதான். இரண்டு மருந்துகளைக் கலந்து, அறையை இருட்டாக்கி, தாளில் பூசிக் காயவைக்க வேண்டும். அதன்மேல் நெகட்டிவை வைத்து, கண்ணாடியால் அமுக்கி, மொட்டை மாடி வெயிலில் பத்து நிமிஷம். பிறகு தண்ணீரில் அலசினால் மஞ்சள் கரைந்து நீலம் எழுந்துவரும். அதைப் பார்க்கும்போது அத்தை மூச்சு விடமாட்டாள். நானும்தான்.

வகுப்பின் கண்காட்சி நாள் வந்தது. மருந்தெல்லாம் தீர்ந்து, கடைசித் தாளில் அவளுக்குத் தேறியது ஒரே ஒரு படம்: செய்தித்தாளை மார்பில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து தூங்கும் அப்பா. மாலையில் அதைத்தான் மாட்ட வேண்டும். அத்தை குளிக்கப் போயிருந்தாள். படத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் இருப்பதாக எனக்குப் பட்டது. கேட்காமலே உதவி செய்யும் குணம் எனக்கு உண்டு. அது லாரித் தண்ணீர்க் கோடை. புதுத் தண்ணீரைத் தொட்டால் அம்மா திட்டுவாள். வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒரு பக்கெட்டில் தெளிவாக இருந்த தண்ணீரில் படத்தை முக்கினேன்.

அது தலையணை உறைகளை ஊறவைக்க அம்மா சலவை சோடா கரைத்து வைத்தது. என் கண் முன்னாலேயே நீலம் வெளிறி, அப்பா பாதி காணாமல் போனார்.

ஈரத்தலையோடு வந்த அத்தை படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சோடாவில் வெளுத்ததை டீயில் போட்டால் பழுப்பாகும் என்று வகுப்பில் சார் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் டீத்தூள் கிடையாது. படத்தை நல்ல தண்ணீரில் அலசி, ஃபில்டரில் இருந்த டிகாக்ஷன் முழுவதையும் தட்டில் ஊற்றி, அதில் படுக்கவைத்தாள். ஒரு மணி நேரத்தில் அப்பா காபி நிறத்தில் திரும்பி வந்தார். நிஜ அப்பா காபி கேட்டு வந்தார்.

"நான்தான் கைதவறிக் கொட்டிட்டேன்ணா," என்றாள் அத்தை.

என் பேரே எடுக்கவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு.

கண்காட்சியில் சுவரெல்லாம் நீலம், நடுவில் பழுப்பாக அப்பா. வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். அப்பா மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. சார் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்த நிறம் எப்படி வந்தது என்று கேட்டார். அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"நான் இல்ல சார். இவ பண்ணது. பேரை மாத்தி எழுதிடுங்க."

அம்மாவும் அப்பாவும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் மறைத்ததை இத்தனை பேர் நடுவில் போட்டு உடைத்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சார் படத்துக்குக் கீழே இருந்த சீட்டில் அத்தையின் பேரை அடித்துவிட்டு, என் பேர் என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூட வகுப்பில் லீடர் பேர் எழுதினால் அது மிஸ்ஸிடம் அடி வாங்கித் தருவதற்குத்தான். வேறு எதற்காகவும் ஒருவர் பேரை எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அத்தையே என் பேரைச் சொன்னாள், இனிஷியலோடு. அதற்கப்புறம் இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.