மணையில் நீட்டிய கால்

நிச்சயதார்த்த லட்டை மாமா வீட்டில் கொடுக்கப் போகிறவன் பஸ்ஸில் போயிருக்கலாம். புது மாப்பிள்ளை மிதப்பில் சைக்கிளை எடுத்தேன். திருத்துறைப்பூண்டி சாலையில் பாதிக்கு நெல் காய்ந்தது. மீதிப் பாதி எனக்கு மட்டும்தான் என்று நினைத்து மிதித்தேன். கைலி மூட்டையோடு எதிரே சைக்கிளில் வந்த வியாபாரி பாயும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். நான் ஒதுங்கிய பக்கமே அவரும் ஒதுங்கினார்.

இருவரும் நெல்லில் கிடந்தோம். நெல்லுக்குச் சொந்தக்காரர் ஓடிவந்து, எங்களைத் தாண்டிப் போய் நெல்லைப் பார்த்தார்.

"நல்லவேள, வாய்க்கால்ல சிந்தல," என்றவர், அப்புறம்தான் எங்களைத் தூக்கினார்.

எனக்கு வலது முட்டிச் சில்லில் விரிசல், பாய்க்கு இடது முட்டியில். ஒரே ஆஸ்பத்திரியில் இருவருக்கும் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கால் மடங்குவதையே மறந்துபோயிருந்தது. தையில் முகூர்த்தம். தாலி கட்டுகிறவன் மணையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும்.

"மாப்பிள்ளைக்குக் கால் மடங்கலன்னு பொண்ணு வீட்டுல பேசுனா நான் மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்?" என்பாள் அம்மா, ஒத்தடம் கொடுக்கும்போதெல்லாம். முட்டி என்னுடையது, மூஞ்சி அவளுடையது.

முட்டிக்குப் பயிற்சி கொடுக்கும் அறையில் எனக்கும் பாய்க்கும் அடுத்தடுத்த கட்டில். தைல வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் அந்த அறைக்குள் போய்விடுகிறேன்.

"பள்ளிவாசல்ல நாற்காலி போட்டுட்டாங்க தம்பி," என்றார் பாய். "அக்கம்பக்கமெல்லாம் பல்லு போன ஆளுங்க. சீக்கிரம் தரையில உக்காந்து தொழுவணும்."

குதிகாலுக்கும் தொடைக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி என்பதுதான் எங்கள் பந்தயம்.

"எவ்வளவு தம்பி?"

"நாலு விரல் பாய்."

"நமக்கு மூணுதான்."

பயிற்சி கொடுக்கிற அம்மா இருவர் காலையும் அளந்து பார்த்தார். "பொய் சொன்னா கால் மடங்காதுங்க. ரெண்டு பேருக்கும் இன்னும் ஒரு சாண் இருக்கு."

கல்யாணத்துக்குள் பாயின் முட்டி தரைக்குப் பழகிவிட்டது. என்னுடையது வீட்டில் மடங்கியது, மணையில் மறுத்தது. ஊரே பார்க்க, வலது காலை ஹோமத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் வரிசையில் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, கால மடக்குங்கோ," என்றார் ஐயர்.

மடக்கினால் அலறுவேன். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராத பெண், குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"வேட்டி பத்திக்கப் போவுது. இந்தப் பக்கம் நீட்டுங்க."

தன் மணையைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி இடமும் விட்டாள். நீட்டினேன். வியர்த்து வழிந்தபடி தாலியைக் கட்டினேன். பெண் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணே சொல்லிவிட்ட பிறகு அவர்களுக்கு என்ன மிச்சம்?

எங்கள் ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் முதலில் தெரிவது என் உள்ளங்கால்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள் அதன்மேல் விரலை வைத்துக் காட்டுவாள்.

"இவங்களத்தான் நான் கட்டிக்கிட்டேன். பின்னாடி நிக்கிற மூஞ்சியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."