விளக்கைப் போட்டது யார்?

பாக்டீரியாவுக்கு வாய் கிடையாது என்பதால், அதற்குப் பசிக்கிறதா வயிறு நிறைந்ததா என்று ஒளியைக் கேட்டுச் சொல்வதுதான் என் வேலை. நவி மும்பையின் ஐரோலியில் மருந்துக்கு மூலப்பொருள் செய்யும் தொழிற்சாலை. எஃகுத் தொட்டிக்குள் சர்க்கரையைத் தின்று கிருமிகள் பெருகும். உள்ளே செருகிய குழாய் வழியே ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை அளந்தால், சர்க்கரை எவ்வளவு மிச்சம் என்று திரையில் தெரியும். குறைந்தால் பம்பு தானாகவே ஊற்றும். கருவியின் பெயர் ஸ்பெக்ட்ரோமீட்டர்; தொழிற்சாலையில் அது "மேடத்தோட டார்ச்". கருவியைப் பிறர் கையிலிருந்து காப்பாற்றுவதற்கே பாதி ஆயுளைச் செலவழிப்பவரா நீங்கள்? அப்படியானால் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

வெள்ளைத் தகடு

தொட்டியை நிரப்பும் முன் குழாயின் முனையை ஒரு வெள்ளைத் தகட்டில் வைத்துக் காட்ட வேண்டும். 'இதுதான் வெள்ளை' என்று கருவிக்குச் சொல்லிக்கொடுப்பது அது. அதில் அழுக்குப் பட்டால் அன்றைய அளவு எல்லாமே தப்பு.

ஒரு காலையில் பெட்டியைத் திறந்தால் தகட்டைக் காணோம். தேடிப் போனால், புரொடக்‌ஷன் மேனேஜரின் மேஜையில், அவருடைய கட்டிங் சாய் கிளாசுக்கு அடியில் இருக்கிறது. நடுவில் பழுப்பு வட்டம். மேனேஜர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த நம்மவர்தான். தமிழில் சண்டை போடலாம் என்பது ஒன்றே ஆறுதல். போட்டேன். உதிரியாக இன்னொரு தகடு இருந்ததால் அன்று பிழைத்தோம். அவர் கிளாசைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீக் கறைதானேம்மா, சோப்புப் போட்டு அலம்பினா போயிடும். இதுக்குப் போய் மூஞ்சியை ஏன் இப்படி வெச்சுக்கறே?"

விருந்தாளிகள்

தொட்டியின் தலையில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதையொட்டி ஒரு ஹாலஜன் விளக்கு. அது எரிந்தால் என் கருவிக்குக் கண் கூசிவிடும். உள்ளே சர்க்கரையே இல்லை என்று உளறும். 'பேட்ச் ஓடும்போது போடாதீர்கள்' என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருந்தேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். நான் மீட்டிங் அறையில் அவர்களுக்கு ஸ்லைடு தயார் செய்துகொண்டிருந்தேன். தொட்டியருகே மேனேஜர், உள்ளே நுரை பொங்கும் அழகைக் காட்ட விளக்கைப் போட்டிருக்கிறார். ஆபரேட்டர் இசக்கிமுத்து அண்ணன், தாராவியிலிருந்து வரும் காண்ட்ராக்ட் ஆள், அதை அணைக்கப் போயிருக்கிறார். விருந்தாளிகள் மீட்டிங் முடிந்து மறுபடி பார்க்க வருவார்கள், அப்படியே எரியட்டும் என்று உத்தரவு. அண்ணன் மறுபடியும் கையை நீட்டியபோது விருந்தாளிகள் முன்னாலேயே மேனேஜர் அதட்டியிருக்கிறார்: "சும்மா நில்லுய்யா! லைட் எரியறது பாக்டீரியாவுக்குத் தெரியவா போறது?"

கையெழுத்து

மீட்டிங் முடிந்து வந்தபோது புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. பம்பு சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அளவுக்கு மீறிக் கிடைத்தால் கிருமிகள் அமிலத்தைக் கக்கி, அதிலேயே முடங்கிப் போகும். முழு பேட்சும் கழிவுக்குப் போனது.

மறுநாள் என் முன்னால் ஒரு தாள் வந்தது. 'ஆபரேட்டரின் கவனக்குறைவு, வேலையிலிருந்து நீக்கப் பரிந்துரை.' கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட மாட்டேன் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் இசக்கி அண்ணன் நின்றிருந்தார். அவர் பேசிய நிதானம் என் கோபத்தை இன்னும் கிளப்பியது: "விட்டுருங்க மேடம். நான் வேற கம்பெனி பாத்துக்கிடுதேன். நீங்க நாளைக்கும் அவருகூடத்தான வேலை பாக்கணும்?"

செய்முறை

விடவில்லை. தொழிற்சாலைக்கே தலைவியான பிளான்ட் ஹெட்டைத் தொட்டிக்கு அருகே இழுத்து வந்தேன்; மேனேஜரையும் வரவழைத்தேன். உள்ளே வெறும் சர்க்கரைத் தண்ணீர், கிருமியே கிடையாது. திரையில் கோடு ஆடாமல் நின்றது. "சார், நீங்களே விளக்கைப் போடுங்க" என்றேன் மேனேஜரிடம். போட்டார். கோடு சரசரவென்று கீழே இறங்கியது, பம்பு ஓட ஆரம்பித்தது. அணைத்ததும் கோடு பழைய இடத்துக்கு ஏறியது. "அன்னிக்கு இதைப் போட்டது இவர். அணைக்க விடாததும் இவர்" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். பிளான்ட் ஹெட் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். இசக்கி அண்ணனின் வேலை தப்பியது.

மேனேஜர் தலை குனிவார் என்று நினைத்த நான்தான் அசடு. அந்த வாரமே என் கருவியைக் கழற்றி ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினார்கள். நான் பழையபடி பாட்டிலில் மாதிரி பிடித்துச் சர்க்கரை அளக்கிறேன். கருவியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவர் பிளான்ட் ஹெட்டிடம் சொன்னார்: "நீங்களே பார்த்தேளே மேடம், ஒரு லைட்டைக்கூடத் தாங்காத மெஷினை நம்பினா இப்படித்தான் ஆகும்!"

பழியைத் தூக்கிப் போட இந்தத் தொழிலில் ஆளோ மெஷினோ ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டியிருக்கிறது. இந்த முறை மெஷின் மாட்டிக்கொண்டது, அதற்குப் பிள்ளைகுட்டி இல்லை.