மஞ்சள் குஞ்சும் என் மகளும்

என் கணவருக்கு காக்டெய்ல் பறவைகளைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. இதை அவரே சொல்வார், கேட்காமலே சொல்வார். தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் வைத்த அந்தக் கிளிகள் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பதினாறு ஜோடி இருந்தன. ஹார்டுவேர் கடை நேரம் போக மீதி நேரமெல்லாம் அவருக்கு அங்கேதான். ஆனால் கூண்டு கழுவுவது நான். தினை வைப்பது நான். தாய் ஒதுக்கிய குஞ்சுக்கு மணிக்கணக்குப் பார்த்துக் கூழ் ஊட்டுவதும், சித்திரை வெயிலில் தகரக் கூரைமேல் சாக்கு நனைத்துப் போடுவதும் நான்தான். அவர் பங்கு விளக்கம் கொடுப்பது.

விளக்கத்தில் குறை சொல்ல முடியாது. இறகில் புள்ளி புள்ளியாக இருந்தால் பேர்ல், திட்டுத் திட்டாக வெள்ளை விழுந்தால் பைடு, உடம்பே வெளிர்மஞ்சளாகக் கண் சிவந்திருந்தால் லுட்டினோ என்று பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்வார். ஒருமுறை பழனிப் பக்கத்திலிருந்து ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். எங்களிடம் சாம்பல் ஜோடி வாங்கிப் போனவர்.

"ஏனுங்க, ரெண்டும் சாம்பல்தானுங்க. இப்ப மஞ்சக் குஞ்சு பொரிச்சிருக்குதுங்க. பக்கத்துக் கூண்டுச் சேவல் எதாச்சும் பூந்திருச்சுங்களா?"

இவர் சிரித்துவிட்டார். "பெட்ட மேல பழியப் போடாதீங்க. அந்த மஞ்சக் கலரு உங்க சேவலுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. வெளிய தெரியாது. ஸ்ப்ளிட்டுன்னு சொல்லுவோம். மகளுக்குப் போறப்பதான் வெளிய வரும். வேணா பாருங்க, அந்தக் குஞ்சு பெட்டையாத்தான் இருக்கும்."

நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன். பெருமையாகத்தான் இருந்தது. அப்போது எனக்கு ஏழாம் மாதம்.

நானும் அவரும் நல்ல கறுப்பு. பிறந்த மகளோ கோதுமை நிறம், செம்பட்டை முடி, பூனைக்கண். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்திக்கு இரண்டு தடவை பெயர் கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருந்தது. எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. பதினாறு ஜோடிக்குக் குஞ்சு பார்த்தவளுக்கு நிறம் ஒரு அதிசயமா?

காதுகுத்து தாடிக்கொம்பில், என் நாத்தனார் வீட்டில் நடந்தது. அவருக்கு நேர் மூத்த அக்கா. என் தம்பி மடியில் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும்போது அந்த அம்மாள் கூட்டத்துக்கு நடுவில் கேட்டாள்.

"நம்ம சனத்துல பூனக்கண்ணு ஏதுப்பா? இது யாரக் கொண்டு பொறந்திருக்கு?"

நாலு பேர் சிரித்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். பழனிக்காரருக்குச் சொன்னதில் பாதி சொல்லியிருந்தால் போதும். "பந்தியில எல வச்சாச்சான்னு பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போனார்.

அதன்பிறகு பிள்ளையைத் தூக்குவது குறைந்தது. கையில் இறகுத் தூசி என்பார், குளிக்கவில்லை என்பார். அவள் காலைக் கட்டிக்கொண்டால் மெதுவாக விலக்கிவிட்டு மாடியேறிவிடுவார். இரண்டு வருஷம் இப்படியே போனது.

ஒருநாள் காலையில் பிள்ளை அழுதுகொண்டு வந்து, "அப்பா முடியப் புடுங்கிட்டாரு" என்றது. சிக்கு எடுத்தேன் என்றார். என்றைக்கும் சீப்பைத் தொடாத மனுஷன்.

குஞ்சு ஆணா பெண்ணா என்று தெரிய, நெஞ்சிறகை வேரோடு எடுத்து, சின்ன ஜிப் கவரில் போட்டு, கால் வளையத்தின் எண்ணை எழுதி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம். எழுதுவது எப்போதும் நான். அன்றைக்கு எழுத உட்கார்ந்தபோது மேசை இழுப்பறையில் ஏற்கெனவே எழுதிய இரண்டு கவர்கள் கிடந்தன. ஒன்றில் 'குழந்தை', செம்பட்டை முடி ஐந்தாறு, வேரோடு. இன்னொன்றில் 'நான்'. அவர் கையெழுத்து. அருகில், வேறொரு ஆய்வுக்கூடத்தின் முகவரி எழுதிய உறை.

எனக்கு வந்தது அவமானம் இல்லை, கோபம். இரண்டு கவரையும் எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இது எதுக்குங்க?"

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அக்கா வாய அடைக்கணும்ல."

"ஊராவூட்டுப் பெட்டைக்கு அம்புட்டு நியாயம் பேசினீங்களே. எனக்குப் பேச ஒரு வார்த்த கிடைக்கலையா?"

"பறவையும் மனுசனும் ஒண்ணாடி?" என்றார். படித்ததெல்லாம் அவ்வளவுதான்.

கிழித்துப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் பயந்துவிட்டாள் என்பார்கள், அந்தப் பேச்சு என் மகள் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும். அதனால் உறையில் போட்டு, நானே ஒட்டி, குஞ்சுகளின் உறையோடு கூரியர் ஆபீசுக்கு நானே கொண்டுபோனேன். உள்ளே என்ன என்று அங்கிருந்த பெண் கேட்டாள். இறகு என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு அவர் போனுக்கு வந்தது. மாடியில் நின்று படித்தார். பிறகு இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை வாரி எடுத்து, கன்னத்திலும் கண்ணிலும் மாறி மாறி முத்தம் கொடுத்தார். "என் தங்கம், என் தங்கம்" என்று அழக்கூடச் செய்தார். பிள்ளைக்கு ஒன்றும் புரியாமல் முதலில் மிரண்டது. பிறகு அவர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தது. விடவே இல்லை.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார். "நான் வெளாட்டுக்குல்ல கேட்டேன்" என்றாளாம். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அவர்களைப் பொறுத்தவரை நல்ல சேதிதானே.

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அவர்தான் கூட்டிப் போகிறார், அவர்தான் கூட்டி வருகிறார். அப்பா செல்லம் என்று தெருவே சொல்கிறது. அவளும் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். எந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்று நான் அவளிடம் சொல்லப் போவதில்லை.